கஜந்தினியின் லப்டொப்

சண்டிலிப்பாயில் மோட்டர் சுற்றுகிற குகதாசன் எதையும் இரண்டு தரம் எண்ணுகிறவன். எரிந்துபோன தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றும்போது சுற்றுக்களை வாயால் ஒருதரம் எண்ணுவான், பென்சிலால் கோடு போட்டு இன்னொரு தரம் எண்ணுவான். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட முடியாமல் அவதிப்படுகிறவர்கள் பக்கத்தில் நின்று, "என்ன தம்பி, அர்ச்சனையோ நடக்குது?" என்று நக்கல் அடித்தாலும் தலை நிமிர மாட்டான். அப்படிப்பட்டவன் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை எண்ணாமல் விட்டான். அவன் எண்ணின நாட்களை எல்லாம் ஊர் மறந்துபோயிற்று. அந்த ஒரு நாளை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

மோட்டர் அவனுடைய தொழில். ஆசை வேறு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தக்காரர் சொக்லேற்றும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். கூடவே, அங்கே ஒருவரும் சீந்தாத பழைய லப்டொப் ஒன்றையும் 'பிள்ளையள் படிக்கட்டும்' என்று பெரிய மனதோடு தந்துவிட்டுப் போவார்கள். இங்கே யாரோ அதில் களவு விண்டோஸை ஏற்ற, அதன்மேல் வைரஸ் ஏற, திறப்பதற்குள் சோறு வெந்து கஞ்சியும் வடித்துவிடலாம். அந்த மாதிரிக் கிழட்டுப் பெட்டிகளுக்கு லினக்ஸ் போட்டு எழுப்பி நடக்கவைப்பதில் குகதாசனுக்கு ஒரு பைத்தியம். லினக்ஸ் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடியது, இலவசம், பாரமில்லாதது. அதை ஏற்றின பென் ட்ரைவ் அவனுடைய கடைத் திறப்புக் கோர்வையில் சாவிகளோடு சாவியாக எப்போதும் தொங்கும். வைஃபை பிடிக்காவிட்டால் தன் போனை வயரால் கொழுவி, வேண்டியதை இணையத்திலிருந்து இறக்கி, பிடிக்கும்வரை அந்த வீட்டை விட்டு எழும்ப மாட்டான். இதற்குக் கூலி என்று வாங்கியதில்லை. ஒரு தேத்தண்ணி, அதோடு ஏதாவது கடித்துக்கொள்ள இருந்தால் போதும்.

இந்த வேலையில் அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஜெயரூபன். சந்தியில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தான். கலியாணவீடுகளுக்கும், பெண் பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்தியவீடுகளுக்கும் வீடியோவும் எடுப்பான். இருவருக்கும் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. பெட்டியில் ஏற்கெனவே உள்ள படங்களையும் கடிதங்களையும் ஜெயரூபன் தன்னுடைய ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி எடுப்பான். எடுத்து முடிந்ததும் குகதாசன் அந்தப் பக்கம் எத்தனை, இந்தப் பக்கம் எத்தனை என்று கோப்புகளை எண்ணிப் பார்ப்பான். கணக்கு ஒத்தால்தான் பழையதை அழிக்கிற பொத்தானில் கை வைப்பான். ஒன்பது வருடத்தில் நாற்பத்தாறு வீடு. ஒரு வீட்டில்கூட ஒரு படம் தொலைந்ததில்லை.

நாற்பத்தேழாவது, புகையிலைத் தோட்டக்காரர் நடராசாவின் வீடு.

நடராசாவுக்கும் நல்லம்மாவுக்கும் ஒரே மகள் கஜந்தினி. ஆரம்பப் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் ஆறே நாளில் போய்விட்டாள். அவளுடைய போனுக்கு என்ன இலக்கம் அடித்துத் திறப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மிஞ்சியது, ரொறன்ரோவில் இருக்கும் மச்சான்காரன் அவளுக்குக் கொடுத்த லப்டொப்தான். அதற்குள்தான் அவளுடைய படங்களும் வீடியோக்களும் இருந்தன. நல்லம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் அதைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பார். வரவர அது ஊர்ந்தது.

"பிள்ளை கதைக்கிற இடத்திலை நிண்டு நிண்டு போகுது தம்பி," என்றார் குகதாசனிடம். "வாய் துறந்தபடி நிக்குது. பாக்கேலாமல் கிடக்கு. ஒருக்கால் சரிப்பண்ணித் தா."

அந்த ஞாயிறு பகல் மூன்று மணிக்கு ஜெயரூபன் தன் டிஸ்க்கைச் செருகிக் கொப்பி எடுக்கத் தொடங்கினான். ஐந்து மணியாகும் என்று காட்டியது. நாலு மணிக்குக் கிட்ட, முற்றத்தில் புகையிலை கட்டிக்கொண்டு நின்ற நடராசா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் தொடங்கிப்போடு."

"தொடங்கிட்டம்தானே மாமா. கொப்பி ஓடுது," என்றான் குகதாசன்.

"கல்லுக் கொண்டுவந்து பறிச்சால் அத்திவாரம் போட்டதாகுமே? புதுசு ஏத்திறதுதான் தொடக்கம். பிள்ளையின்ரை சாமான், ராகுகாலத்திலை கை வைக்கவேண்டாம்."

செத்துப்போன மகளின் பொருளுக்கு நேரம் பார்க்கிற மனிதரிடம் என்ன வாதாடுவது? ஒருமுறை தொடங்கிவிட்டால் ராகுகாலத்துக்குள்ளும் தொடரலாம். தொடங்குவதுதான் அதற்குள் ஆகாது. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து நல்லம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார். வாழைப்பழ வாய்ப்பன் சுட்டிருந்தார், சூட்டோடு சாப்பிடச் சொன்னார். அவன் எழும்பிப் போய் இரண்டு வாய்ப்பனும் ஒரு தேத்தண்ணியும் முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது ஜெயரூபன் டிஸ்க்கைப் பையில் வைத்து ஸிப்பையும் இழுத்து மூடியிருந்தான்.

"முடிஞ்சுது மச்சான். கெதியா ஓடி முடிஞ்சுது. நான் மானிப்பாய்ச் சாமத்தியவீட்டுக்கு அஞ்சு மணிக்கு நிக்கவேணும்."

"எண்ணினியே?"

"எண்ணிப்போட்டன். சரி."

எண்ணுகிறது குகதாசனின் வேலை. பையைத் திறக்கச் சொல்லி, டிஸ்க்கைத் திரும்பக் கொழுவி எண்ணியிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முப்பது வருடச் சிநேகிதன் 'சரி' என்ற பிறகு அப்படிச் செய்வது அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. நல்லம்மா லப்டொப்பின் மூடியில் ஒரு கீற்றுத் திருநீறு பூசினார். நாலு இருபதுக்கு, 'இதிலுள்ள எல்லாம் அழியும்' என்று பெட்டி எச்சரித்தது, குகதாசன் அழுத்தினான்.

ஆறு மணிக்குள் வேலை முடிந்தது. பெட்டி கண் வெட்டுகிற நேரத்தில் திறந்தது. நடராசா முதுகில் தட்டிக்கொடுத்தார். காலையில் ஜெயரூபன் டிஸ்க்கோடு வந்ததும் பிள்ளையின் படங்களைப் போட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுக் குகதாசன் வீட்டுக்குப் போனான். அன்று அவன் சந்தோசமாகவே படுத்தான் என்று அவனுடைய மனைவி தர்சிகா பிறகு பல தடவை வயிறெரிந்து சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை முழுக்க ஜெயரூபனின் போன் வேலை செய்யவில்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் குகதாசன் நடராசா வீட்டுக்குப் போனான். நல்லம்மா முன் விறாந்தையில் சுவரோடு சாய்ந்து இருந்தார். அவனைக் கண்டும் அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஜெயரூபன் விடியவே வந்திட்டுப் போட்டான்," என்றார் நடராசா. "கொப்பி இடையிலை முறிஞ்சு போச்சு, திரும்ப எடுப்பம் பொறு எண்டு தான் சொல்லச் சொல்ல, நாலரை ஆகப்போகுதெண்டு நீ அழுத்திப்போட்டாயாம்."

"மாமா, அவன் அப்பிடிச் சொல்லேல்லை. முடிஞ்சுதெண்டுதான்..."

"அழுத்தினது நீயோ அவனோ?"

"நான்தான்."

"அப்ப போ தம்பி. இனி என்ன கதை."

அவசரப்படுத்தியவர் தான் என்பது நடராசாவுக்கும் தெரியும். தன்னை நோகிற நோவையும் சேர்த்து அவன்மேல் இறக்கினார். மனிசர் அப்படித்தான்.

குகதாசன் நேரே ஜெயரூபனின் கடைக்குப் போனான். ஜெயரூபன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"டிஸ்க்கிலை ஒண்டும் இல்லை மச்சான். முறிஞ்சிருக்கு. நான் முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன்."

"அப்ப என்னிலை ஏன் போட்டனீ?"

"பயத்திலை வாயிலை வந்திட்டுது. என்னை நம்பிச் சனம் கலியாண வீடியோ தருகுது. இது வெளியிலை போனால் கடையைப் பூட்டவேண்டியதுதான். உனக்கு மோட்டர் இருக்குத்தானே. கொஞ்சக் காலம் தாங்கு மச்சான். சனம் மறந்திடும்."

அழிந்ததை மீட்க வழி உண்டா என்று ஜெயரூபன் கேட்டான். குகதாசன் இல்லை என்றான். அந்த மச்சான்காரன் லப்டொப்புக்குள் மாற்றிக் கொடுத்தது புது மாதிரி டிஸ்க். பழைய டிஸ்க் என்றால் அழித்தாலும் தோண்டி எடுக்கலாம். இது கழுவித் துடைத்த கோப்பை மாதிரி, ஒரு துளி மிஞ்சாது. அதைச் சொல்லும்போதே குகதாசனுக்கு அழுகை வந்தது. கடைக்குள் நின்று அழ வெட்கமாக இருந்ததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தர்சிகா விடவில்லை. "இஞ்சரப்பா, பாவம் ஓரிடம் பழி ஓரிடமோ? நாலு பேருக்கு முன்னாலை உள்ளதைச் சொல்லுங்கோவன்."

"அழுத்தினது என்ரை விரல்தானே. எண்ணாமல் விட்டதும் நான்தான். அவன் தெரியாமல் விட்ட பிழை."

அப்படித்தான் அவன் நம்பினான். நம்பியதால் சுமந்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்? 'பெட்டையின்ரை படத்தை எல்லாம் அழிச்சவன்' என்பது அவனுக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீடும் கூப்பிடவில்லை. அவன் லினக்ஸ் போட்டுக்கொடுத்த வீடுகள் சிலவற்றில், அவனுக்குச் சொல்லாமலே அதைத் தூக்கிவிட்டு விண்டோஸ் போட்டார்கள்; போட்டுக்கொடுத்தவன் ஜெயரூபன். பம்பு எரிந்தால் மட்டும் வந்தார்கள். அப்போதும் ஒரு கிழவர், "சுத்தை எண்ணிப்போட்டியோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நல்லம்மா தெருவில் கண்டால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மற்றப் பக்கம் போவார். மற்றதெல்லாம் போகட்டும், இது அவனைத் தின்றது. அந்த மனிசி ஒருதரம் 'தம்பி' என்று கூப்பிட்டால் போதும் என்று எட்டு மாதம் ஏங்கினான்.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை முற்பகல் ஜெயரூபன் குகதாசனுக்குப் போன் எடுத்தான். கடைக் கொம்பியூட்டருக்கு முன்பு குகதாசன் போட்டுக்கொடுத்த அதே லினக்ஸ்தான். ஊருக்கெல்லாம் விண்டோஸ் விற்றவன், தன் பெட்டிக்கு இதைத்தான் வைத்திருந்தான். கடவுச்சொல் அடித்தால் உள்ளே போவதுபோல் போய்த் திரும்பவும் கடவுச்சொல் கேட்கிற இடத்துக்கே வருகிறதாம். பின்னேரம் ஒரு கலியாண வீடியோ கொடுக்கவேண்டுமாம்.

குகதாசன் போனான். எட்டு மாதமாக ஒரு பெட்டியையும் தொடாத கை அது.

பார்த்த உடனேயே அவனுக்கு விளங்கிவிட்டது. டிஸ்க் நிறைந்து மூச்சுவிட இடமில்லை. அதனால்தான் உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதி உள்ளே இறங்கி, வேண்டாத பழைய மென்பொருள் பொதிகளைத் துடைத்துக் கொஞ்சம் இடம் எடுத்தான். பெட்டி திறந்தது. இனி எது இவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பார்த்தான். மூன்றாவதாக நின்ற கோப்புறையின் பெயர் 'கஜா'. ஜெயரூபன் தன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அப்படியே மாற்றி வைத்தது அது. உள்ளே கடைசிக் கோப்பு வந்து விழுந்த நேரம் போன வருடத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகல் நாலு பன்னிரண்டு. அவன் குசினியில் வாய்ப்பன் தின்றுகொண்டிருந்த நேரம் அது.

ஒரு வீடியோவைத் திறந்தான். கீரிமலைக் கேணிப் படியில் கஜந்தினி நின்றாள். "அம்மா, தண்ணி நல்லாய்க் குளிருது, நீயும் இறங்கன்," என்றாள். படம் எடுத்துக்கொண்டிருந்த நல்லம்மா, "போடி விசரி," என்று சிரிப்பது கேட்டது.

ஜெயரூபன் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றான். அவனும் கேட்டுவிட்டான்.

"எவ்வளவு கிடக்கு?" என்றான் குகதாசன்.

"பாதிக்கு மேலை."

"கொப்பி முறியேல்லை. நீ இழுத்தனீ."

"நேரம் போட்டுது மச்சான். மிச்சத்தை நாளைக்கு எடுப்பமெண்டு... நீ இவ்வளவு கெதியா அழிப்பாய் எண்டு நான் நினைக்கேல்லை."

"எண்ணிப்போட்டன் எண்டு சொன்னனீ."

ஜெயரூபன் தேத்தண்ணியை மேசையில் வைத்தான்.

"எட்டு மாசம். அந்த மனிசி ரோட்டிலை அழுதுகொண்டு போறதை நீயும் பாத்தனீதானே. பாதியையாவது குடுத்திருக்கலாமே."

"குடுத்தால் நான் இழுத்தது தெரிஞ்சுபோம். அழிப்பமெண்டும் பாத்தனான். பெட்டையின்ரை முகத்தைப் பாத்து அழிக்கேலாமல் போச்சு."

குகதாசன் வீடியோவை நிறுத்தினான். தெரியாமல் விட்ட பிழை என்று எண்ணியல்லவா எட்டு மாதம் தலை குனிந்து நடந்தான்? கூட இருந்து குழி பறித்தவன், அந்தக் குழிக்குள் மண்ணையும் அவனையே அள்ளிப் போடவைத்திருக்கிறான். அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. அங்கேதான் அவன் இரண்டாம் முறையும் எண்ணாமல் விட்டான் என்று நான் சொல்லுவேன். கோப்புறையைத் தன் பென் ட்ரைவில் எடுத்துக்கொண்டு நேரே நடராசா வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக எழும்பி நின்று இப்படிச் சொன்னான்:

"ஞாயிற்றுக்கிழமைக்கிடையிலை நீயே கொண்டுபோய்க் குடு. நடந்ததை உன்ரை வாயாலை சொல்லு. நான் வந்து நிண்டு உன்னைக் கேவலப்படுத்த மாட்டன்."

"ஓம் மச்சான். சத்தியமாய்," என்றான் ஜெயரூபன்.

திங்கட்கிழமை கோயிலுக்குப் போய்வந்த தர்சிகா செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றாள்.

"உங்கடை சிநேகிதன் குடுத்திட்டான். நீங்கள் அழிச்சதை எட்டு மாசம் பாடுபட்டுத் தோண்டி எடுத்தவனாம். கோயில் முழுக்க அதுதான் கதை. நல்லம்மா மாமி அவன்ரை பேரிலை அர்ச்சனை செய்விச்சவ."

ஜெயரூபனின் கடை வாசலில் புதுப் பலகையும் வந்திருந்தது: 'அழிந்த படங்கள், வீடியோக்கள் மீட்டுத் தரப்படும்.' அந்த லப்டொப்பில் அழிந்தது எந்தக் கொம்பனாலும் மீளாது என்று குகதாசன் தன் வாயால் யாருக்கு விளக்கிச் சொன்னானோ, அவனுடைய பலகை. குகதாசன் அவனுக்குப் போன் எடுத்தான்.

"உள்ளதைச் சொல்லத்தான் போனனான் மச்சான்," என்றான் ஜெயரூபன். "வீடியோவைப் போட்டவுடனை மனிசி என்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணிலை ஒத்திக்கொண்டுது. எப்பிடி மோனை மீட்டனீ எண்டு அவையேதான் கேட்டவை. எனக்கு வேறை வாய் வரேல்லை. ஓம் எண்டிட்டன்."

குகதாசன் போனை வைத்தான். அன்று மூன்று பம்பு சுற்றினான். மூன்றையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றவேண்டி வந்தது.

அடுத்த ஞாயிறு நடராசா ஆளனுப்பினார். மாமி அவனை வரச் சொன்னாராம். 'ஒருவேளை அவன் பிறகு சொல்லியிருப்பானோ' என்று ஒரு நப்பாசை குகதாசனுக்கு. நல்ல சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனான். நல்லம்மா வாசலுக்கே வந்தார்.

"வா தம்பி. இரு."

எட்டு மாதம் ஏங்கின சொல். வாய்ப்பனும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு நல்லம்மா எதிரே இருந்தார்.

"உன்னிலை எங்களுக்கு இப்ப ஒரு கோவமும் இல்லை. நீ தெரியாமல் செய்தது. ஜெயரூபன் பாதியையாவது மீட்டுத் தந்திட்டான். நாங்கள் உன்னை மன்னிச்சிட்டம். நீ ஒண்டையும் மனதிலை வைச்சிருக்காதை."

செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்குவது ஒரு வகை. மன்னிப்பு வாங்குவது அதைவிடக் கொடுமை என்று குகதாசன் அன்றுதான் அறிந்தான். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

"மாமி, அது அழிஞ்சு மீட்டதில்லை. அவன் அண்டைக்கே கொப்பி எடுத்ததிலை பாதி. இடையிலை வயரை இழுத்துப்போட்டு முடிஞ்சுதெண்டு சொன்னவன். பிறகு அவ்வளவு நாளும் தன்ரை கடைப் பெட்டியிலை வைச்சிருந்தவன். நாலு பன்னிரண்டு எண்டு நேரமும் அதிலை கிடக்கு. நான் காட்டுறன்."

நல்லம்மா நடராசாவைப் பார்த்தார். நடராசா நிலத்தைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் நல்லம்மா மெதுவாக, "எங்களுக்கு நேரமும் இலக்கமும் விளங்காது. பாடுபட்டவனைப் பற்றி அப்பிடிக் கதைக்காதை. பிழை விட்டால் ஒத்துக்கொள்ளவேணும். அவன் உன்னைப் பற்றி ஒரு சொல்லுக் குறை சொல்லேல்லை, தெரியுமே?"

பிறகு நல்லம்மா உள்ளே போய் லப்டொப்பைக் கொண்டுவந்து அவன் முன்னே வைத்தார். ஜெயரூபன் அதற்குத் திரும்பவும் விண்டோஸ் போட்டிருந்தான்.

"உது பழையபடி நிண்டு நிண்டு போகுது. நீ போட்டது எவ்வளவு நல்லாய் ஓடினது. அதைத் திரும்பப் போட்டு விடுவியே?"

அவனுடைய கை தன்பாட்டில் சேட்டுப் பையிலிருந்த திறப்புக் கோர்வைக்குப் போயிற்று. பென் ட்ரைவ் அதிலேயேதான் இருந்தது. முதலில் கொப்பி எடுக்கவேண்டும், எண்ணவேண்டும், இரண்டு தரம் எண்ணவேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.

"இப்பவே போடுறன் மாமி."

"இப்ப வேண்டாம்," என்றார் நல்லம்மா. "ஜெயரூபனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் பக்கத்திலை நிண்டால்தான் எனக்குப் பயமில்லாமல் இருக்கும்."

குகதாசன் திறப்புக் கோர்வையைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

"அவன் நிண்டால் நான் வரமாட்டன் மாமி."

நல்லம்மா லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அது அப்பிடியே கிடக்கட்டும் தம்பி."

அவன் எழும்பினான். வாசல் படலையைத் திறக்கும்போது பின்னால் வீடியோ ஓடத் தொடங்கியது கேட்டது. "அம்மா, தண்ணி" என்றாள் கஜந்தினி, அதிலேயே நின்றாள். நல்லம்மா திரும்ப முதலிலிருந்து போட்டார். "அம்மா, தண்ணி." இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற வேலை. அவனைத் தனியே விட்டுச் செய்விக்க அவர்களுக்கு மனமில்லை.